குழுச் சிகிச்சைக்குப் போனால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா?

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து 29 வயது திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெண்ணைக் காதலித்தது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. 'சரிசெய்து தருகிறேன்' என்று சொன்ன ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சேர்த்தார்கள். என்ன மாத்திரை, என்ன ஊசி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்கத் தூங்கியதும் நாக்கு குழறியதும்தான் நினைவில் இருக்கிறது. அதில் பலன் இல்லை என்றதும், வெளியூரில் பேய் ஓட்டும் ஓர் இடத்தில் சில வாரங்கள் விட்டுவைத்தார்கள். அங்கே நடந்ததை எழுத ஆரம்பித்து, பாதி வரியில் நிறுத்தியிருக்கிறார். பத்து வருடம் ஆகியும் டெட்டால் வாடை அடித்தால் கை நடுங்குகிறது. பின்னால் யாராவது வந்து நின்றால் தூக்கிவாரிப் போடுகிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் செர்ட்ரலின் மாத்திரையை, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கொடுத்ததை, ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார். தூக்கம் இப்போது பரவாயில்லை.

நகரில் ஓர் ஆலோசகர், மனக்காயத்திலிருந்து மீள நினைக்கும் பால்புதுமையினருக்கும் (தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் போன்றோர்) திருநங்கை, திருநம்பி முதலிய திருநருக்குமாக ஒரு சிகிச்சைக் குழு தொடங்குகிறார். எட்டுப் பேர், 12 ஞாயிற்றுக்கிழமைகள், முடிவில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் இரண்டு நாள் தங்கல். சேரலாமா என்பதுதான் வாசகரின் கேள்வி. அவர் வரிகளிலேயே:

"நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னால்தான் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு வாயே வராது. வருகிறவர்களில் கடைத்தெரு ஆள் யாராவது இருந்தால் என் வேலை என்ன ஆவது? திருநங்கை அக்காக்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் நான் பட்டதெல்லாம் ஒரு கஷ்டமா? என் முன்னாள் காதலியும் பெயர் கொடுத்திருப்பதாகக் கேள்வி. குழுவில் சேர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம்தானே? அம்மா, 'உன் அப்பா குடித்துவிட்டு என்னை அடித்ததைப் பார்த்துப் பயந்துதான் நீ இப்படி ஆகிவிட்டாய். முதலில் மனசைச் சரிபண்ணு, மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்' என்கிறார். குணமானால் நான் மாறிவிடுவேனோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது."

தம்பி,

அப்படியே அழைக்கிறேன். கடையில் எல்லாரும் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயாவது அது வேண்டாம்.

நீங்கள் கடைசியாக, ஒரே வரியில் கேட்டுவிட்டு நகர்ந்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைக்காமல் குழுவுக்குள் போனால், ஒவ்வொரு வாரமும் அதுவே உள்ளே உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும்.

அம்மா சொல்லும் காரணம்

குணமானால் நீங்கள் மாறிவிட மாட்டீர்கள். குணமாக வேண்டியவை அந்த நடுக்கமும், திடுக்கிடலும், யாரிடமும் ஒட்ட முடியாத தவிப்பும்தான். நீங்கள் ஆண் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் அதனால் திருநம்பிகள் ஆகிவிடவில்லை. ஒரு அடி விழாத வீட்டில் வளர்ந்த திருநம்பிகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்திலேயே, பள்ளிக்கூடம் சேரும் முன்பே பாவாடை வேண்டாம் என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் குடி அதற்கு வெகுநாள் கழித்து வந்தது. பல பேர் வாழ்க்கையில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு: மற்றப் பிள்ளைகளைப்போல் இல்லை என்பதாலேயே அடியும் கேலியும் அந்தப் பிள்ளையைத் தேடி வருகின்றன.

உலக சுகாதார அமைப்பின் 11-வது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பதை அதில் மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே வகைப்பாட்டில்தான், தப்பிக்க வழியில்லாத நிலையில் நெடுநாளோ திரும்பத் திரும்பவோ துன்புறுத்தப்பட்டவர்களுக்கு வரும் சிக்கலான மனக்காய நோய் முதன்முறையாகத் தனி இடம் பெற்றது. பழைய சம்பவம் கண்முன் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து பக்கத்தில் இருப்பதுபோல் விழிப்பாக இருப்பது ஆகிய மூன்றோடு, இன்னும் மூன்று அதில் சேரும்: உணர்ச்சி கைக்கு அடங்காமல் போவது, தன்னைப் பற்றிக் கேவலமாகவே நினைப்பது, நெருங்கிய உறவைத் தாங்க முடியாமல் போவது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் யார் என்பதற்கும், உங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதற்கும் மருத்துவம் இன்று தெளிவாகவே கோடு போட்டிருக்கிறது. அம்மா அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. தான் வாங்கிய அடி பிள்ளையையும் தாக்கிவிட்டதே என்ற குற்ற உணர்வு அதில் இருக்கலாம். வீட்டில் சூடு இல்லாத ஒரு நாளில் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்ட பிறகுதான், 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு போட்டார். பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதற்கு அந்த உத்தரவு தடை விதித்தது. ஒரு நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பது நம் அம்மாக்களிடம் சில நேரம் எடுபடுகிறது. உடலை உணரும் பாலினத்துக்கு ஏற்ப மாற்றும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிப் பேசினாலும் அம்மா 'முதலில் மனசு, அப்புறம் மற்றது' என்று நிபந்தனை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மருத்துவ விதி கிடையாது. மனக்காயம் முழுக்க ஆறிய பிறகுதான் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்றில்லை. இரண்டையும் உரிய மருத்துவர்களிடம் சேர்த்தே பேசலாம்.

சொல்லியாக வேண்டும் என்று யார் சொன்னது?

நடந்ததைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. மனக்காயம் பட்ட ஒருவரை முதல் வாரமே எட்டுப் பேர் நடுவில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது, நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுக்கிறேன் என்பதைப் போன்றது. சிலர் எப்படியோ கரையேறுவார்கள். பலர் அன்றிரவு தூங்காமல், அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவார்கள்.

இந்தத் துறையில் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பார்ப்பது வழக்கம். முதலில் பாதுகாப்பு: உடம்பு பதறும்போது அதை அமர்த்தத் தெரிவது, தூக்கம், அன்றாடம், ஆபத்தான ஆட்களிடமிருந்து விலகி இருப்பது. இரண்டாவது, நடந்ததை எடுத்துப் பார்த்துத் துக்கப்படுவது. மூன்றாவது, மறுபடி மனிதர்களோடு கலந்து வாழ்வது. 12 வாரக் குழு பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான் நிற்கும், மூன்றாவதைக் கொஞ்சம் தொடும். இரண்டாவது கட்டத்துக்கு, அதுவும் பேய் ஓட்டும் இடத்தில் நடந்தது போன்றவற்றுக்கு, ஒருவரோடு ஒருவர் அமரும் தனிச் சிகிச்சைதான் சரியான இடம். கனவு, திடுக்கிடல் போன்ற தொல்லைகளுக்கும் தனிச் சிகிச்சைக்கே ஆராய்ச்சியில் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆகவே 12 ஞாயிறு முடிந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாள் எண்ண வேண்டாம்.

ஒழுங்காக நடத்தப்படும் குழுவில் விவரங்களை நடத்துபவரே நிறுத்திவிடுவார். உங்களுக்காக மட்டும் இல்லை. நீங்கள் அந்தப் பேய் ஓட்டும் இடத்துச் சங்கிலியைப் பற்றிச் சொல்லும்போது எதிரில் இருப்பவரும் ஒரு காலத்தில் கட்டப்பட்டிருந்தவராக இருக்கலாம். அதனால் "என்ன செய்தார்கள்" என்ற கேள்வியை விட்டு, "அது இன்றைக்கு உங்களை என்ன செய்கிறது" என்ற கேள்விக்குத் திருப்புவார். அதற்கு "டெட்டால் வாடை வந்தால் கை நடுங்குகிறது" என்ற ஒரு வரி போதும். "இன்றைக்கு நான் பேசவில்லை" என்பதும் முழுப் பதில்தான்.

அப்படியானால் குழு எதற்கு? உங்களைக் காயப்படுத்தியவர்கள் மனிதர்கள். உங்கள் வீட்டு மனிதர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதர், சாமியாடிய மனிதர். நாலு பேர் கூடினால் நம்மைத்தான் ஏதோ செய்யப் போகிறார்கள் என்று உங்கள் உடம்பு கற்றுவைத்திருக்கிறது. தனியறையில் ஓர் ஆலோசகரோடு எவ்வளவு பேசினாலும், நாலு பேர் நடுவில் இருக்கும் அந்தப் பயம் நாலு பேர் நடுவில்தான் தேயும். ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு எதிரில் இருப்பவர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லும்போது, பத்து வருட வெட்கம் ஒரு பிடி தளர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரோடு கருத்து வேறுபட்டும் உறவு முறியாமல் இருப்பது, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லியும் யாரும் கை ஓங்காமல் இருப்பது எல்லாம் அங்கே ஒத்திகை பார்க்கக் கிடைக்கும். உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருநங்கையருக்கு ஜமாத் என்ற தங்கள் சமூக அமைப்பு இருக்கிறது. அம்மா, மகள், பாட்டி என்று ஓர் உறவுமுறையே இருக்கிறது. அதில் சிக்கல்கள் இருந்தாலும், ஊரில் போய் நிற்க ஒரு வாசல் உண்டு. திருநம்பிகளுக்கு நம் மாவட்டங்களில் பெரும்பாலும் அதுகூட இல்லை. ஒருவரை ஒருவர் தெரியாமலேயே ஒரே ஊரில் இருப்பார்கள்.

இதையே உங்கள் இன்னொரு கேள்விக்கும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். அக்காக்கள் பட்டதோடு உங்கள் கஷ்டத்தை நிறுத்துப் பார்க்க அங்கே தராசு இருக்காது, இருக்கவும் கூடாது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கும் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டவருக்கும் வேறு வேறு காயம். "என்னுடையது பெரிதில்லை" என்று நினைப்பது மனக்காயத்தோடு கூடவே வரும் பழக்கம். உதவி கேட்கவே விடாமல் அது பல வருடங்களைத் தின்றுவிடும்.

ரகசியம் யார் பொறுப்பு?

குழுவில் பேசுவது எல்லாம் சட்டப்படி ரகசியம் என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை தரும் மனநல வல்லுநர்களைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. உடன் உட்காரும் ஏழு பேரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அவர்கள் தருவது வாக்குறுதி மட்டும்தான். அந்த வாக்குறுதியை எவ்வளவு கவனமாக வாங்குகிறார்கள், மீறினால் என்ன செய்வார்கள் என்பதை வைத்துத்தான் குழுவின் தரத்தை எடைபோட வேண்டும்.

சேலம் பெரிய ஊர்தான். ஆனால் கொலுசுத் தொழிலுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்ற உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேர்க்கும் முன் நடத்துபவர் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசும் வழக்கம் குழுச் சிகிச்சையில் உண்டு. அப்போது "யார் இருந்தால் எனக்குச் சிரமம்" என்று நீங்கள் சொல்லலாம். பட்டியலை உங்களிடம் காட்டக் கூடாது. ஆனால் மோதல் வருமா என்று அவர் பார்த்துச் சொல்லலாம். நீங்கள் விரும்பும் பெயரை மட்டும் கொடுங்கள். கடை, தெரு, குடும்பப் பெயர் எதுவும் தேவையில்லை. வாட்ஸாப் குழு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு செல்போன் வீட்டில் யார் கையிலாவது சிக்கினால் எட்டுப் பேரும் வெளிப்பட்டுவிடுவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் பேசுவதா, தெரியாததுபோல் போவதா என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்; கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், குழுக்கள் உடைவது இங்கேதான். உங்களைத் தெரிந்த ஒருவர் அங்கே வந்துவிட்டால், அவரும் உங்களைப்போலவே மறைக்க ஒன்றை வைத்திருப்பவர்தான். அது ஓரளவு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு இல்லை. யாராவது வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால் அது குற்றம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண் இருக்கிறது.

முன்னாள் காதலி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: இருவரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. அவர் நல்லவர், பிரிவில் கசப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீங்கள் பாதியை விழுங்குவீர்கள், அவரும் விழுங்குவார். ஜமாத்தில் அம்மாவையும் மகளையும் ஒரே குழுவில் போடக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். யாராவது ஒருவர் அடுத்த குழுவுக்குக் காத்திருக்கலாம். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. முடிவை நடத்துபவரிடம் விடுங்கள்.

சேருவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்

இவற்றைக் கேட்கத் தயங்கத் தேவையில்லை. நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார்.

அவருடைய படிப்பு என்ன, மனக்காயச் சிகிச்சையில் பயிற்சி உண்டா, கூட இன்னொருவர் இருந்து நடத்துவாரா? ஒருவர் மட்டும் நடத்தினால், ஒருவருக்குப் பதற்றம் வந்து வெளியே எழுந்து போகும்போது மீதி ஏழு பேரைப் பார்க்க ஆள் இருக்காது. அவர் பால்புதுமையினராக இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருநம்பிகளோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இது சிகிச்சைக் குழுவா, ஒருவருக்கொருவர் ஆதரவாகக் கூடும் குழுவா? இரண்டும் நல்லதுதான், ஆனால் பொறுப்பு வேறு. முதல் வகையில் பொதுவாக நடுவில் புதியவர்கள் வந்து சேர மாட்டார்கள், பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பார்கள், ஒருவர் நிலை மோசமானால் என்ன செய்வது என்ற திட்டம் இருக்கும்.

வாரத்துக்கு நடுவில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது? பதில் தெளிவாக இல்லை என்றால் சேர வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416 இரவு பகல் இருக்கிறது, தமிழில் பேசலாம். ஆனால் அது குழு நடத்துபவரின் பொறுப்புக்கு மாற்று ஆகாது.

இன்னொன்றை நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். மார்பைக் கட்டும் பைண்டர் அணிவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழுக்களில் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லும் பயிற்சிகள் நிறைய வரும். இறுக்கமான பைண்டரோடு அதைச் செய்தால் மூச்சு முட்டும், அந்த முட்டலே பழைய பயத்தைக் கிளப்பிவிடும். "நெஞ்சில் என்ன உணர்கிறீர்கள், கவனியுங்கள்" என்று சொல்வது பலருக்கு அமைதி தரும். தன் நெஞ்சைப் பார்க்கவே விரும்பாத திருநம்பிக்கு அது வேதனை. பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது, கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களுக்குப் பெயர் சொல்வது என்று மாற்று வழிகள் இருக்கின்றன. நடத்துபவர் இதைக் கேட்டதும் புரிந்துகொண்டால் நல்ல அறிகுறி.

ஏற்காட்டுத் தங்கல்

குழுவில் சேருங்கள் என்று சொல்லும் நான், ஏற்காட்டுக்கு இந்த முறை வேண்டாம் என்பேன். குறைந்தது, இப்போதே சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். 10-வது வாரத்தில் முடிவு செய்யலாம் என்று கேளுங்கள். போகாவிட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவோம் என்றால், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

காரணம் சொல்கிறேன். மலையில், வீட்டைவிட்டுத் தள்ளி, பிடித்தவர்களோடு இரண்டு நாள் இருக்கும்போது மனசு சட்டென்று திறந்துகொள்ளும். வாரம் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லாததை எல்லாம் முதல் ராத்திரியே சொல்லிவிடத் தோன்றும். அப்புறம் திங்கட்கிழமை காலை, அதே வீடு, அதே கடை, பழைய பெயர். அந்த இறக்கத்தைத் தாங்க ஆள் இல்லாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு உங்களுக்கு, உங்கள் விருப்பம் இல்லாமல் வெளியூரில் கொண்டுபோய் விடப்பட்ட அனுபவம் இருக்கிறது. நினைத்த நேரத்தில் கிளம்பிவர முடியாத இடத்தில் இரவு தங்குவது உடம்புக்கு வேறு பொருள் தரும். 20 கொண்டை ஊசி வளைவு, ராத்திரியில் பஸ் கிடைப்பது கஷ்டம், கோடை விழா நாளாக இருந்தால் மலைப்பாதை முழுக்க வண்டி. நடு ராத்திரியில் "எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்" என்று தோன்றினால் யார் வண்டி எடுப்பார்கள்?

பிறகு ஒரு நாள் போவதாக இருந்தால் சில காரியங்களை முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் ஆதார் அட்டை கேட்பார்கள், அதில் பழைய பெயர் இருக்கும். அதை யார், எங்கே வைத்துக் கொடுப்பது என்று பேசிவையுங்கள். யார் யாரோடு அறை, தனி அறை கிடைக்குமா என்று கேளுங்கள். பைண்டரைப் போட்டுக்கொண்டே தூங்கக் கூடாது. அறையைப் பகிர்ந்தால் வெட்கப்பட்டு அதைத்தான் செய்வீர்கள். முடிந்தால் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் ஒரு நாள் பயணமாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருவதற்கு நான் தடை சொல்லவே மாட்டேன்.

மாத்திரையும் பழைய மருத்துவரும்

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழு தொடங்கும் வாரங்களில் பழைய நினைவுகள் கொஞ்சம் கூடுதலாகக் கிளம்பும். அதே நேரத்தில் செர்ட்ரலினைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல், தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோன்ற உணர்வு வரலாம். எது குழுவால் வந்தது, எது மாத்திரையை விட்டதால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குழு முடிந்து, உடம்பு நிலைபட்ட பிறகு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்டு மெதுவாகக் குறைக்கலாம்.

அந்தப் பழைய மருத்துவர்மீது இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாம். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இத்தகைய 'மாற்றும்' சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. புகார் போக வேண்டிய இடம் மாநில மருத்துவக் கவுன்சில். ஆனால் உங்களுக்கு நடந்தது இந்த அறிவிப்புக்கு முன்பு. உள்நோயாளிக் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதி, அதனால் காகிதம் இருக்குமா என்பது சந்தேகம். பழைய சீட்டு, பில், ஊசிக் குறிப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்த 12 வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டாம். புகார் என்று வந்தால் மறுபடி மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும்.

ஆனால் ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள். மறுபடி எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் கடிதம் முழுக்க இருக்கிறது. 2017 சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வயது வந்த எவரும் தனக்கென ஒரு நியமனப் பிரதிநிதியை எழுதிவைக்கலாம். மனநலச் சிகிச்சை பற்றி நீங்களாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், மருத்துவமனை முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும். அப்படி யாரையும் எழுதிவைக்காவிட்டால்தான் அந்த இடம் உறவினருக்குப் போகும். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பின்னால் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சூரமங்கலத்தில் இருக்கும் அந்த நண்பரைப் பற்றி, "நான் அழுதால் காரணம் கேட்காமல் டீ வாங்கித் தருவான்" என்று எழுதியிருந்தீர்களே, அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும், ஒன்று குழு நடத்துபவரிடம், ஒன்று அரசு மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் மருத்துவரின் கோப்பில்.

முதல் ஞாயிற்றுக்கு முன் அந்த ஆலோசகரிடம் தனிச் சந்திப்புக்கு நேரம் கேளுங்கள். பேச வாய் வராவிட்டால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். எனக்கு எழுதும்போது எங்கே நிறுத்தினீர்களோ, அவரிடமும் அங்கேயே நிறுத்தலாம். அதற்குமேல் அவர் தோண்டினால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு குழுவைப் பார்ப்போம்.